பழைய டீசல் லாரியின் இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிப்பது எப்படி?

முதன்முதலாக நான் ஒரு லாரியின் இன்ஜின் கம்ப்யூட்டரிலிருந்து கோளாறுக் குறியீடு எடுத்தபோது வந்தவை இரண்டு எண்கள்: 102, 4. அட்டவணையைப் பார்த்தேன். 102 என்றால் டர்போ பூஸ்ட் பிரஷர், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளுகிற காற்றின் அழுத்தம். உடனே பூஸ்ட் சென்சாரைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். இரண்டே நாளில் அதே குறியீடு திரும்ப வந்தது. வாங்கிய சென்சார்தான் சரியில்லை என்று நினைத்து இன்னொன்றையும் மாட்டினேன். அப்போதும் குறியீடு வருவது நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால், சென்சாருக்குப் போகிற ஒயர் கட்டு ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் உரசி உரசி, செம்பு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அந்த '4' முதல் நாளே அதைச் சொல்லியிருந்தது. அதைப் படிக்க எனக்குத்தான் தெரியவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதே தவறைச் செய்யக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். 1980-களின் பிற்பகுதியிலிருந்து 2000-களின் இறுதிவரை வந்த கனரக டீசல் லாரிகளை, குறிப்பாக அமெரிக்க இன்ஜின்கள் பொருத்தியவற்றை மனத்தில் வைத்து எழுதியது இது.

முதல் கேள்வி: படிக்க ஏதாவது இருக்கிறதா?

எல்லாப் பழைய லாரியிலும் இன்ஜின் கம்ப்யூட்டர் இருக்காது. ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து கம்பியோ கேபிளோ போய் டீசல் பம்பின் லீவரை இழுக்கிறது என்றால் அது பெரும்பாலும் முழு மெக்கானிக்கல் இன்ஜின். அதில் படிக்கத் தரவு எதுவும் கிடையாது. பெடலின் அடியில் ஒயர் கப்ளர் மட்டும் இருந்தால், இன்ஜினை நடத்துவது கம்ப்யூட்டர். டெட்ராய்ட் டீசல் சீரிஸ் 60 இன்ஜின் 1987-ல் வந்தபோதே 'டிடெக்' என்ற மின்னணுக் கட்டுப்பாட்டோடுதான் வந்தது. கம்மின்ஸின் செலெக்ட், கேட்டர்பில்லரின் 3406இ, மேக்கின் வி-மேக் ஆகியவையும் இதே வரிசையில் வருபவை.

இன்ஜினின் பெயர்ப் பலகையில் உள்ள மாடல், வரிசை எண் ஆகியவற்றையும், கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஒட்டியுள்ள எண்களையும் முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லாரியின் ஆண்டும் இன்ஜினின் ஆண்டும் வேறாக இருக்கலாம். பழைய வண்டிகளில் இன்ஜின் மாற்றுவது சாதாரணம். நீங்கள் பேசப் போவது இன்ஜினோடு. அதனால் இன்ஜினின் ஆண்டைத்தான் பார்க்க வேண்டும்.

சாக்கெட்டைப் பார்த்தால் மொழி தெரியும்

ஸ்டியரிங்கின் கீழே, கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில், அல்லது டிரைவர் சீட்டின் அடிப்பகுதியில் வட்டமான ஒரு சாக்கெட் இருக்கும். மூடி போட்டிருக்கும். மூடி எப்போதோ தொலைந்து, உள்ளே மண் அடைந்திருக்கவும் வாய்ப்புண்டு. அதில் உள்ள பின்களை எண்ணுங்கள்.

6 பின் என்றால் ஜே1708 என்ற பழைய தரவு லைன் மட்டும்தான். இரண்டு ஒயர்கள் முறுக்கிப் போகும். வேகம் வினாடிக்கு 9600 பிட். அதன் மேல் போகிற செய்திகளின் இலக்கணத்துக்கு ஜே1587 என்று பெயர். ஒன்று சாலை, மற்றொன்று அதில் ஓடுகிற வண்டி. இரண்டுமே எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்தவை.

9 பின் கறுப்பு சாக்கெட் என்றால் பழைய ஜே1708 லைனோடு, வினாடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் ஓடும் ஜே1939 என்ற கேன் (CAN) லைனும் இருக்கும். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் புதிய வகை லைன் அது. பல ஆண்டுகள் இரண்டும் ஒரே லாரியில் சேர்ந்து ஓடின. பச்சை நிற 9 பின் என்றால் அது புதிய வண்டி. அதன் வேகம் இரண்டு மடங்கு. கறுப்பு கேபிள் பச்சை சாக்கெட்டில் நுழையாதபடியே அதைச் செய்திருக்கிறார்கள். நம் பழைய லாரியில் அது வராது.

கார்களில் பார்க்கிற 16 பின் சாக்கெட் இலகு ரக லாரிகளிலும், ஐரோப்பிய வண்டிகள் பலவற்றிலும் இருக்கும். அதில் 7-ஆவது பின்னில் கே-லைன் இருந்தால் அது வேறு மொழி. பெரும்பாலும் தயாரிப்பாளரின் கருவிதான் வேண்டியிருக்கும். இங்கே அதற்குள் போகவில்லை.

கேபிள் செய்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 6 பின் சாக்கெட்டில் ஏ, பி இரண்டும் ஜே1708 லைனின் பிளஸ், மைனஸ். சி பேட்டரி பிளஸ். இ எர்த். 9 பின்னில் ஏ எர்த், பி பேட்டரி பிளஸ், சி கேன்-ஹை, டி கேன்-லோ, இ ஷீல்டு, எஃப் ஜே1708 பிளஸ், ஜி ஜே1708 மைனஸ். அதே எழுத்துகள்தான், வேலை முழுக்க வேறு. 6 பின்னில் 'சி' என்பது நேரடி பேட்டரி. 9 பின்னில் அதே 'சி' கேன் லைன். குழப்பிக்கொண்டு கேபிள் செய்தால் பேட்டரி மின்சாரம் நேராகத் தரவு லைனுக்குள் போகும். அப்போது ஒரு கம்ப்யூட்டர் மட்டும் கெடாது. அந்த லைனில் உட்கார்ந்திருக்கிற எல்லாமே ஆபத்தில் இருக்கும். எழுத்துகள் சாக்கெட்டின் முகத்திலேயே பொடியாகப் பொறித்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். நினைவை நம்பிக் கேபிள் செய்யாதீர்கள்.

எதையும் செருகுவதற்கு முன் மீட்டர் வையுங்கள்

பேட்டரி பிளஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து, வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்கள். 12 வோல்ட்டுக்குச் செய்த மலிவான அடாப்டரை 24 வோல்ட் வண்டியில் செருகினால் அந்த நொடியே அது போய்விடும். வோல்ட்டே வரவில்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கும், அல்லது பின் பச்சை பூத்திருக்கும். பழைய லாரியில் 'அடாப்டர் பேச மாட்டேன் என்கிறது' என்று வருகிற புகார்களில் பல இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

சாவி போட்ட நிலையில் ஜே1708 பிளஸ் ஒயரின் வோல்டேஜ், மைனஸ் ஒயரைவிட உயர்ந்து நிற்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் லைன் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது கம்ப்யூட்டருக்கு மின்சாரமே போகவில்லை. கேன் லைன் இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு சி-க்கும் டி-க்கும் நடுவே ஓம் அளவைப் பாருங்கள். 60 ஓம் வர வேண்டும், ஏனென்றால் லைனின் இரு முனையிலும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. 120 காட்டினால் ஒன்று காணவில்லை. 40 காட்டினால் யாரோ ஒன்றைக் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். சுழிக்கு அருகில் வந்தால் ஒயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கருவியே இல்லாமல் படிப்பது

லேப்டாப், அடாப்டர் எல்லாம் வருவதற்கு முன் மெக்கானிக்குகள் டேஷ்போர்டு விளக்கைப் பார்த்துத்தான் குறியீடு எடுத்தார்கள். அது இன்றும் வேலை செய்கிறது. பழைய வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் கையில் இருப்பது இதுதான்.

பழைய கம்மின்ஸ் இன்ஜின்கள் பலவற்றில், இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டு, டயக்னாஸ்டிக் சுவிட்சை ஆன் செய்ய வேண்டும். மஞ்சள் விளக்கு ஒருமுறை மின்னும். பிறகு சிவப்பு விளக்கு குறியீட்டின் இலக்கங்களை ஒவ்வொன்றாக மின்னிக் காட்டும். 2 முறை, இடைவெளி, 3 முறை, இடைவெளி, 5 முறை என்றால் 235. அதே குறியீடு திரும்பத் திரும்ப வரும். அடுத்ததற்குப் போக க்ரூஸ் சுவிட்சைத் தட்ட வேண்டும். நடப்புக் கோளாறு எதுவும் இல்லை என்றால் விளக்குகள் மின்னாமல் எரிந்தபடியே இருக்கும்.

டிடெக்கில் வழக்கம் கொஞ்சம் வேறு. மஞ்சள் விளக்கு பழைய குறியீடுகளையும் சிவப்பு விளக்கு நடப்புக் குறியீடுகளையும் மின்னும். 25 என்று வந்தால் குறியீடு எதுவும் இல்லை என்று பொருள். இது தெரியாமல் '25 என்ன கோளாறு' என்று தேடி அலைகிறவர்கள் உண்டு.

மின்னும் குறியீடு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஒரு கம்பெனியின் அட்டவணையை வைத்து இன்னொரு கம்பெனியின் இன்ஜினைப் படிக்க முடியாது. எந்தெந்த எண் வந்தது என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு, அந்த இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் மட்டும் பாருங்கள்.

அடாப்டர் வாங்கும்போது

கார்களுக்கு விற்கிற இஎல்எம்327 என்ற சின்ன அடாப்டருக்கு ஜே1708 தெரியாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதை வாங்கி, மாற்றுக் கேபிளும் வாங்கி, ஒன்றும் வராமல் லாரியின் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அது கேன் லைனில் ஜே1939-ஐ ஓரளவு படிக்கும். 6 பின் வண்டியில் அதற்கு வேலையே இல்லை.

கனரக வண்டிக்கு வேண்டியது ஆர்பி1210 என்ற பொது ஏற்பாட்டைப் பின்பற்றும் அடாப்டர். லேப்டாப்பில் ஓடும் மென்பொருளும் அடாப்டரும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை வகுத்தது அது. அதனால் ஒரே அடாப்டரை வைத்து கம்மின்ஸின் இன்சைட், டெட்ராய்ட்டின் டயக்னாஸ்டிக் லிங்க், கேட்டர்பில்லரின் 'இ.டி.' (ET) என்று வெவ்வேறு மென்பொருள்களை ஓட்டலாம். அடாப்டர் ஜே1708, ஜே1939 இரண்டையும் ஆதரிக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். புதிதாக வருகிற சில அடாப்டர்கள் பழைய லைனை விட்டுவிடுகின்றன.

இணைக்கும் வரிசை எளிது. சாவியை அணைத்துவிட்டு அடாப்டரைச் செருகுங்கள். அடாப்டரின் மின்விளக்கு எரிகிறதா பாருங்கள். லேப்டாப்பில் இணைத்து, மென்பொருளில் சரியான அடாப்டரையும் சரியான லைனையும் தேர்ந்தெடுங்கள். பிறகு சாவி போடுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். லேப்டாப்பை அதன் சொந்த பேட்டரியில் ஓட்டுவது நல்லது.

ஒரு கட்டுப்பாடு: முதல் சில மாதம் படிப்பதோடு நில்லுங்கள். அளவுகளை மாற்றுகிற பக்கங்களைத் தொடாதீர்கள். குதிரைத்திறன், வேகக் கட்டுப்பாடு, இன்ஜெக்டர் எண்கள் போன்றவற்றை எழுதும்போது பேட்டரி இறங்கினால் கம்ப்யூட்டரே பேசாமல் போகலாம்.

லைனில் ஓடுகிற எண்களைக் கையால் பிரிப்பது

மென்பொருள் எல்லாவற்றையும் அழகாகக் காட்டும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஒருமுறை கையால் பிரித்துப் பார்த்தவருக்குத்தான் திரையில் வருகிற எண் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

ஜே1708 லைனைக் கேட்க மட்டும் வேண்டுமென்றால் செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. இதுபோன்ற இரட்டை ஒயர் லைனைப் படிக்கும் ஆர்எஸ்-485 சிப் வைத்த ஒரு யுஎஸ்பி மாற்றி போதும். அதன் ஏ முனையை லைனின் பிளஸ்ஸுக்கும், பி முனையை மைனஸுக்கும், எர்த்தை எர்த்துக்கும் கொடுங்கள். சிப்பின் அனுப்பும் பகுதி அணைந்தே இருக்க வேண்டும். மாற்றியில் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள், இந்த லைனுக்கு அது தேவையில்லை. வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். சாவி போட்டதும் எண்கள் கொட்டத் தொடங்கும்.

ஒரு செய்தி இப்படி இருக்கும்:

128 190 240 10 110 180 100 80 242

முதல் எண் எம்ஐடி, அதாவது பேசுகிறவர் யார் என்பது. 128 என்றால் இன்ஜின். கியர்பாக்ஸ் 130, ஏபிஎஸ் பிரேக் 136, டேஷ்போர்டு 140. அடுத்து வருவது பிஐடி, எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது. 190 என்றால் இன்ஜின் சுழற்சி. 128 முதல் 191 வரையுள்ள பிஐடிகளுக்கு இரண்டு எண்கள் மதிப்பாக வரும், சிறிய பகுதி முதலில். இங்கே 240, 10. கணக்கு: 10 × 256 + 240 = 2800. ஒவ்வோர் அலகும் கால் ஆர்பிஎம். ஆக 700 ஆர்பிஎம், ஐடிலிங்.

அடுத்து 110, ரேடியேட்டர் தண்ணீரின் சூடு. 128-க்குக் கீழே உள்ள பிஐடிகளுக்கு ஒரே எண்தான் மதிப்பு. 180 என்பது பாரன்ஹீட்டில், செல்சியஸில் ஏறக்குறைய 82. பிறகு 100, ஆயில் பிரஷர். 80 அலகு, ஒவ்வொன்றும் அரை பிஎஸ்ஐ, ஆக 40 பிஎஸ்ஐ.

கடைசி எண் 242 சரிபார்ப்புக்கு. செய்தியின் எல்லா எண்களையும் இதையும் சேர்த்துக் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கூட்டிப் பாருங்கள்: 1280 வரும், 5 × 256. வகுபடவில்லை என்றால் அந்தச் செய்தியைத் தூக்கிப் போடுங்கள். வயரிங் மோசமான வண்டியில் இப்படி உடைந்த செய்திகள் நிறைய வரும். அதுவே ஒரு துப்பு.

ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை லைனின் மௌனம்தான் சொல்லும். ஆனால் யுஎஸ்பி மாற்றிகள் எண்களைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் தள்ளுவதால் அந்த மௌனம் லேப்டாப்புக்குத் தெரியாமல் போகும். அப்போது 128-இல் தொடங்கி, சரிபார்ப்புக் கணக்கு பொருந்தும் இடம்வரை பார்ப்பதுதான் வழி. ஒரு செய்தி பொதுவாக 21 எண்களுக்கு மேல் போகாது என்பது தேடலைச் சுருக்கும்.

ஜே1939-இல் இந்த பிஐடி எண்ணுக்குப் பதிலாக வருவதன் பெயர் எஸ்பிஎன். பழைய பிஐடி எண்களையே தொடக்கத்தில் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதனால் அங்கும் 190 சுழற்சிதான், 110 தண்ணீர்ச் சூடுதான். அலகுகள் மட்டும் மாறியிருக்கின்றன: சுழற்சி 0.125 ஆர்பிஎம் வீதம், சூடு நேராக செல்சியஸில், வந்த எண்ணிலிருந்து 40 கழிக்க வேண்டும். 122 வந்தால் 82 டிகிரி. 255 வந்தால் அந்தத் தகவலே இல்லை என்று பொருள், சூடு ஏறிவிட்டது என்று பதற வேண்டாம்.

கோளாறுக் குறியீட்டின் இரண்டாவது பாதி

இப்போது என் 102, 4-க்கு வருவோம். லைனில் அது இப்படி ஓடியிருக்கும்:

128 194 3 102 228 5 108

194 என்றால் கோளாறுப் பட்டியல். 3 என்றால் அடுத்து மூன்று எண்கள் வருகின்றன. 102 பூஸ்ட் பிரஷர். 228-இல் நான்கு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. பிரித்தால் 128 + 64 + 32 + 4. 128 இருந்தால், எத்தனை முறை வந்தது என்ற கணக்கு பின்னால் வருகிறது. 64 இருந்தால் கோளாறு இப்போது இல்லை, முன்பு வந்து போனது. 32 வழக்கமான வகை. 16 இருந்திருந்தால் முன்னால் வந்த எண் பிஐடி ஆகாது, எஸ்ஐடி ஆகும், அதாவது ஒரு பாகத்தின் எண். இங்கே 16 இல்லை. மிச்சம் 4. அதுதான் எஃப்எம்ஐ, கோளாறின் தன்மை. கடைசியில் 5, ஐந்து முறை வந்திருக்கிறது.

வந்து வந்து போகிற கோளாறு, ஐந்து முறை, தன்மை 4. இதை அன்று படிக்கத் தெரிந்திருந்தால் சென்சாரை விட்டுவிட்டு ஒயரை ஆட்டிப் பார்த்திருப்பேன்.

எஃப்எம்ஐ எண்களை மனப்பாடம் செய்வதைவிட, கூட்டமாகப் பிரித்துக்கொள்வது உதவும்.

0, 1: அளவு உண்மையிலேயே அதிகம் அல்லது குறைவு. சென்சாரும் ஒயரும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, இன்ஜின்தான் சிக்கலில் இருக்கிறது. 110-உடன் 0 வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். 100-உடன் 1 வந்தால் இன்ஜினை உடனே அணையுங்கள்.

3, 4: வோல்டேஜ் அளவு மீறி அதிகம், அல்லது அளவு மீறிக் குறைவு. இது மின்சாரக் கோளாறு. ஒயர், கப்ளர், பிறகுதான் சென்சார்.

5, 6: கரண்ட் குறைவு அல்லது அதிகம். சுருள் உள்ள பாகங்களுக்கு வருவது. இன்ஜெக்டர் சுருளின் ஒயர் அறுந்தால் 5.

2: ஒழுங்கில்லாமல் துள்ளும் அளவு. தளர்ந்த பின், மோசமான எர்த்.

7: கம்ப்யூட்டர் சொன்னதை மெக்கானிக்கல் பாகம் செய்யவில்லை. 12: அந்தப் பாகமே கெட்டது. மற்றவை வரும்போது புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

3-க்கும் 4-க்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு ஒரு சோதனை செய்யலாம். இரண்டு ஒயர் மட்டும் உள்ள சூட்டு சென்சார்களுக்கு இது பொருந்தும். 110-உடன் 3 வந்திருக்கிறது என்று வையுங்கள். கப்ளரைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். குறியீடு 4 ஆக மாறினால் கம்ப்யூட்டரும் ஒயரும் நலம், சென்சாரை மாற்றலாம். மாறாமல் 3-இலேயே நின்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. புதுச் சென்சார் போட்டுப் பயனில்லை. மூன்று ஒயர் உள்ள பிரஷர் சென்சார்களில் இப்படி இணைக்காதீர்கள். அவற்றில் 5 வோல்ட் சப்ளை ஓடுகிறது.

அந்த 5 வோல்ட்டைப் பற்றி இன்னொன்று. பூஸ்ட், ஆயில் பிரஷர், பெடல் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் குறியீடு வந்தால், எல்லாம் ஒன்றாகக் கெட்டுவிட்டன என்று நினைக்க வேண்டாம். பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாம் சாயும். எஸ்ஐடி 232 வந்தால் அது அந்த சப்ளையையே சுட்டுகிறது. மீட்டரை 5 வோல்ட் ஒயரில் வைத்து, சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அங்கே தேடுங்கள்.

குறியீடு இல்லாமலேயே கோளாறைப் பிடிப்பது

இழுவை இல்லை, ஆனால் விளக்கு எரியவில்லை. இப்படி வருகிற வண்டிகள்தான் அதிகம். அப்போது ஓடும் தரவைப் பார்க்க வேண்டும். அதை எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பது மிக முக்கியம்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவி மட்டும் போட்டுத் தரவைப் பாருங்கள். தண்ணீர், ஆயில், டீசல், உள்ளே போகும் காற்று, எல்லாச் சூடும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும், ஏனென்றால் எல்லாமே வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்திருக்கும். ஒன்று மட்டும் 10, 15 டிகிரி தள்ளி நின்றால் அந்தச் சென்சார் பொய் சொல்கிறது. குறியீடு வராத அளவுக்குச் சின்னப் பொய். இன்ஜின் சூடான பிறகு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆயில் பிரஷரும் பூஸ்ட்டும் சுழியில் இருக்க வேண்டும். சில மென்பொருள்கள் பூஸ்ட்டை வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும். அப்போது கடல் மட்டத்தில் 100 கிலோபாஸ்கல் அளவில் இருந்தால் சரிதான்.

அதே நிலையில் ஆக்சிலரேட்டரை மிக மெதுவாக அழுத்துங்கள். பிஐடி 91 சுழியிலிருந்து 100 சதவீதம் வரை வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் விழுந்து எழுந்தால் பெடல் சென்சார் தேய்ந்திருக்கிறது.

ஸ்டார்ட் ஆகாத வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது சுழற்சியைப் பாருங்கள். இன்ஜின் சுற்றுவது காதுக்குக் கேட்கிறது, ஆனால் திரையில் 0 என்று இருந்தால் கிராங்க் சென்சார், அதன் கப்ளர், அதன் ஒயர். இன்ஜின் சுற்றுவது கம்ப்யூட்டருக்குத் தெரியாதபோது அது டீசல் விடாது. பேட்டரி வோல்டேஜையும் கூடவே பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 9-க்குக் கீழே போனால், மற்ற எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியையும் எர்த்தையும் கவனியுங்கள்.

இழுவைப் புகாருக்கு வண்டியைச் சுமையோடு ஏற்றத்தில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் ஒருவர், திரையைப் பார்க்கிறவர் வேறொருவர். ஆள் இல்லை என்றால் தரவைப் பதிவு செய்துவிட்டு நிறுத்திய பிறகு பாருங்கள். ஓட்டிக்கொண்டே லேப்டாப்பைப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

அப்போது மூன்று எண்களைச் சேர்த்துப் பாருங்கள்: பெடல், இன்ஜின் சுமை (பிஐடி 92), பூஸ்ட் (பிஐடி 102). பெடல் 100, சுமையும் 100, ஆனால் பூஸ்ட் ஏறவில்லை என்றால், கம்ப்யூட்டர் முழு டீசலைக் கேட்டிருக்கிறது, ஆனால் காற்றோ டீசலோ போய்ச் சேரவில்லை. இன்டர்கூலர் ஹோஸ் கசிவு, அடைத்த ஏர் ஃபில்டர், டர்போ, அடைத்த டீசல் ஃபில்டர் என்று போங்கள். பெடல் 100, ஆனால் சுமை 100-ஐத் தொடவே இல்லை என்றால், கம்ப்யூட்டரே வேண்டுமென்று குறைக்கிறது. ஏன் குறைக்கிறது என்று கேளுங்கள்: தண்ணீர்ச் சூடா, வேகக் கட்டுப்பாடா, பழைய ஏதோ ஒரு பாதுகாப்பு எல்லையா? முன்னதற்கு ஸ்பேனர் வேண்டும். பின்னதற்கு வேண்டியது யோசனை. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே பல டர்போக்கள் வீணாகக் கழற்றப்படாமல் தப்பிக்கும்.

ஒரு சந்தேகம் எப்போதும் மிச்சம் வையுங்கள். ஆயில் பிரஷர் பயமுறுத்தும்படி காட்டினால், இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி ஒப்பிடுங்கள்.

பழைய லாரி வாங்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: மொத்த இன்ஜின் நேரம் (பிஐடி 247), ஐடிலிங்கில் ஓடிய நேரம் (பிஐடி 235), மொத்த தூரம் (பிஐடி 245) ஆகியவற்றைக் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்குங்கள். டேஷ்போர்டு மீட்டரோடு அவை பொருந்துகின்றனவா பாருங்கள். பொருந்தாவிட்டால் இன்ஜினோ கம்ப்யூட்டரோ மீட்டரோ மாற்றப்பட்டிருக்கலாம். அது தவறில்லை, ஆனால் விற்கிறவர் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

குறியீட்டை அழிப்பது

அழிக்கும் பொத்தான் கையருகே இருக்கும். அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். எத்தனை முறை வந்தது என்ற கணக்கு அழிந்தால் திரும்ப வராது. முதலில் எல்லாக் குறியீடுகளையும், இன்ஜினுடையவை மட்டுமின்றி ஏபிஎஸ், கியர்பாக்ஸ், டேஷ்போர்டு ஆகியவற்றுடையவற்றையும், எண்ணிக்கையோடு எழுதுங்கள் அல்லது போட்டோ எடுங்கள். பல பெட்டிகள் ஒரே நேரத்தில் எஸ்ஐடி 250 அல்லது 231 என்று புலம்பினால், அது ஜே1708 அல்லது ஜே1939 லைனின் கோளாறு. ஒவ்வொரு பெட்டியாகக் கழற்ற வேண்டியதில்லை, ஒயரைத் தேடுங்கள்.

சரி செய்த பிறகு அழியுங்கள். நடப்பில் இருக்கிற கோளாறு அழியாது, அழிந்தாலும் உடனே திரும்பும். அழித்துவிட்டு, இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது, சந்தேகமான ஒயர் கட்டைக் கையால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். சுழலும் ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குறியீடு திரும்பி வந்த இடத்தில் இன்சுலேஷனைப் பிரித்துப் பாருங்கள். வராவிட்டால் வண்டியைச் சுமையோடு ஒரு நடை அனுப்பிவிட்டு, திரும்பியதும் மறுபடி படியுங்கள். என் லாரியில் அந்த ஒயரை வெட்டி, சாலிடர் வைத்து, குழாய் உறை போட்டு, பிராக்கெட்டின் விளிம்பில் ரப்பர் வளையம் மாட்டிய பிறகு 102, 4 வரவே இல்லை. முதலில் கழற்றிய பழைய பூஸ்ட் சென்சாரையே திரும்ப மாட்டினேன். அது இன்றும் அந்த இன்ஜினில் இருக்கிறது.